ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது வார்த்தை

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பைய நான் மடியில வச்சிக்கிடுதேன். தென்காசி வரைக்கும் இதே கூட்டந்தான், நின்னுக்கிட்டே போக முடியாது உங்களால.

வாத்தியாருன்னு எப்படிக் கண்டுபிடிச்சிய? பையில செவப்புப் பேனா இருக்கா, சரிதான். அது இல்லைன்னாலும் கண்டுபிடிச்சிருவாங்க. முப்பத்தோரு வருஷ சர்வீஸு, மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு எத்தனை வார்த்தை தெரியும்? தமிழுல, மொத்தமா. சிரிக்கிய. யாருக்குத் தெரியும்? எம் பொண்டாட்டிக்கு எத்தனை தெரியும்னு எனக்கே தெரியாது, இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா உலகம்மாள்னு ஒரு பிள்ளை இருக்கு. மூணாங்கிளாஸு, எட்டு வயசு. அதுக்கு ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது வார்த்தை தெரியும். நான் சொல்லல, ரிக்கார்டு சொல்லுது. அந்த ரிக்கார்ட எழுதுனது நாந்தான், அது வேற விஷயம்.

அந்தப் பிள்ளையப் பாத்துட்டுதான் இப்பம் வாரேன்.

எனக்கு சங்கரன்கோவிலுக்கு அங்கிட்டு, ஊத்துப்பாறைன்னு ஒரு கிராமம். ரெண்டு வாத்தியார் பள்ளிக்கூடம். எட்மாஸ்டரும் நாந்தான், மூணு நாலு அஞ்சாங்கிளாஸுக்கு வாத்தியாரும் நாந்தான், குழாயில தண்ணி வரலைன்னா பஞ்சாயத்துக்கு ஓடுறவனும் நாந்தான். ஒண்ணு ரெண்டு எடுக்கறது பியூலா டீச்சர். நல்ல பொம்பளதான், ஆனா ஒரு மாதிரி பிடிவாதம். அத பொறவு சொல்லுதேன்.

போன ஜூன் மாசம் மூணு நாள் பயிற்சின்னு கூப்பிட்டாவ. பிள்ளைங்களுக்கு வார்த்தையே தெரியலையாம். பாடத்த எழுத்துக் கூட்டி வாசிக்கிதாம், என்ன வாசிச்சோம்னு கேட்டா முழிக்கிதாம். அதனால புதுத் திட்டம், சொல் பெருக்கம்னு பேரு. ஒரு பெட்டி நெறையப் படம் போட்ட அட்டை, போனுல ஏத்திக்கிடுறதுக்கு ஒரு ஆப்பு. அந்தப் பயிற்சி குடுத்த அம்மா நல்லாத்தான் சொன்னாவ. வார்த்தைய எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, பொருளக் கையில குடுங்க, தொட்டுப் பாக்கட்டும், நீங்க பேசுங்க, அவங்களப் பேச விடுங்க. ஒரு வார்த்தைய பிள்ளை தன்னோட சொந்த வாக்கியத்துல, மூணு தனித்தனி நாள்ல சொல்லணும். அப்பந்தான் அது பிள்ளைக்கு வந்த வார்த்தை, அப்பந்தான் கணக்குல ஒண்ணு. மாசக் கடைசியில ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தம் எத்தனைன்னு ஆப்புல போடணும். அவ்வளவுதான் வேலை.

பொய் சொல்லல, முத மாசம் நான் ஒழுங்காத்தான் செஞ்சேன். திட்டம் மூணாங்கிளாஸு வரைக்குந்தான், அதுல பதினோரு பிள்ளைங்க. குளத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். மதகு, கரை, களிமண், ஈரம், வழுக்கல், எல்லாத்தையும் கையக் காட்டிக் காட்டிப் பேசுனேன். பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்குங்கூட சந்தோசமாத்தான் இருந்துச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல இருந்த மாதிரி இருந்துச்சுன்னு வச்சிக்கிடுங்களேன்.

இந்த உலகு இருக்கே, அது அவ்வளவாப் பேசாது. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் தை பொறந்தா செங்கல் சூளைக்குப் போயிருவாங்க, மழை காலத்துலதான் ஊருக்குத் திரும்புவாங்க. பிள்ளை அத்தைக்காரிகிட்ட வளருது, கோடை லீவுக்கு மட்டும் சூளைக்குப் போகும். வாயில விரல வச்சாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. ஆனா அந்த மாசம் அதுவும் பேசுச்சு. ஈரம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். என்ன சொல்லிச்சு தெரியுமா? ‘ராத்திரி மழை பேஞ்சா பச்சக்கல்லு ஈரமாயிரும். எங்கம்மா முட்டாக்குப் போட்டுக்கிட்டு உக்காந்து அழுவா’ன்னிச்சு. பச்சக்கல்லுன்னா சுடாத செங்கல்லு, நனைஞ்சாக் கரைஞ்சிரும். ஈரத்துக்கு வாக்கியம் கேட்டா ஆத்தா அழுத கதையச் சொல்லுது. அட்டைக்குப் பின்னால என்ன போட்டிருக்கு? ‘மழையால் தரை ஈரமானது.’ அதான் வாக்கியம். நான் அதத் திருத்திச் சொல்லிக் குடுத்தேன். இருந்தாலும் பாவம்னு ஒரு வார்த்தையா எடுத்துக்கிட்டேன். அப்படி இப்படின்னு மாசக் கடைசியில உலகுக்குப் பத்தொம்பது. மத்த பிள்ளைங்களுக்கு முப்பது, நாப்பது. உள்ளத உள்ளபடி போட்டேன்.

பொறவு மீட்டிங்கு. பெரிய திரையில எல்லா ஸ்கூல் பேரும் வருது. பச்சை, மஞ்சள், செவப்பு. எங்க ஸ்கூலு செவப்பு. செவப்புல உள்ளவங்க எல்லாம் எந்திரிச்சி நிக்கணும். நான் எந்திரிச்சி நிக்கேன், பக்கத்துல பியூலா டீச்சர் நிக்கா. ஆபீசருக்கு எம் பிள்ளை வயசு இருக்கும். ‘சார், ஒரு குழந்தைக்கு ஒரு மாசத்துல பத்தொன்பது வார்த்தையா? ஒரு நாளைக்கு ஒண்ணு கூட வரலையே, நீங்க ஸ்கூல்ல என்னதான் செய்யறீங்க?’ன்னு கேட்டாரு. நூத்தம்பது பேரு உக்காந்திருக்காங்க. அதுல எங்கிட்டப் படிச்சவனே மூணு பேரு இருக்கான், வாத்தியாரா. எனக்குக் காதெல்லாம் சுட்டுப் போச்சு. அவமானம்னா அப்படி ஒரு அவமானம். அன்னைக்கி சாப்பாடு எறங்கல.

ஆனா அதுக்காக நான் பொய் எழுதல. இத நல்லாக் கேட்டுக்கிடுங்க, ஏன்னா எல்லாரும் இங்கதான் என்னைத் தப்பா நெனைக்காங்க. ரெண்டாவது மாசமும் நான் நேர்மையாத்தான் எழுத உக்காந்தேன். உலகுக்குப் பத்து கூடி இருவத்தொம்பது. எங்க ஊருல சிக்னல் கிடையாது, மேல்நிலைத் தொட்டி ஏணியில நாலு படி ஏறுனாத்தான் போன் வேலை செய்யும். ஒரு கையில ஏணியப் பிடிச்சிக்கிட்டு, ஒரு கையில போன் அடிக்கணும். இருவத்தொம்பதுன்னு அடிச்சேன். எங்கனயோ விரல் பட்டு ஒரு சைபர் கூடிட்டு. எரநூத்தித் தொண்ணூறு. பாத்துட்டேன். பாத்து அழிக்கப் போறதுக்குள்ள ‘பதிவாகியது’ன்னு வந்துட்டு.

திரும்பப் போயி இருவத்தொம்பதுன்னு போட்டா எடுக்க மாட்டேங்கு. ‘முந்தைய எண்ணிக்கையை விடக் குறைவாக இருக்கக் கூடாது’ன்னு வருது. உதவிக்கு ஒரு நம்பர் இருந்துச்சு, அடிச்சேன். ஒரு பிள்ளை பேசுச்சு, அமைதியா, அழகா. ‘கூட்டலாம் சார், குறைக்க முடியாது. கத்துக்கிட்ட வார்த்தை குழந்தைக்குக் குறையாதில்லையா, அதனால அப்படி வச்சிருக்காங்க’ன்னிச்சு. பிள்ளைக்குக் குறையாதும்மா, எனக்கு விரல் தவறிட்டுன்னு சொன்னேன். அதுக்கு அது, ‘விளக்கக் கடிதம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலர் கையெழுத்தோட அனுப்புங்க சார், சரி பண்ணிடலாம்’ன்னிச்சு.

யாரு கையெழுத்து? அந்த ஆபீசரு கையெழுத்து. அவருகிட்டப் போயி நான் என்னன்னு நிக்க? பத்தொம்பதுக்கே எந்திரிச்சி நிக்க வச்சவரு. தப்பான தகவல் குடுத்தான்னு ஒரு மெமோ குடுத்தாருன்னா, ரிட்டயர்டாக மூணு வருஷம் இருக்கு, பென்ஷன் வரைக்கும் பின்னாலேயே வரும். பியூலா டீச்சர் சொன்னா, ‘எழுதிக் குடுத்துருங்க சார், இன்னைக்கே குடுத்துட்டா ஒரு வசவோட போயிரும்’னு. அவளுக்கென்ன, சொல்லிருவா. வசவு வாங்கி வாங்கிப் பழகிப்போச்சு அவளுக்கு. இன்னைக்கி வரைக்கும் உள்ளத உள்ளபடி போட்டு, மாசா மாசம் மீட்டிங்குல எந்திரிச்சி நிக்கா. அதுலதான் அவளுக்கு என்ன பெருமையோ.

சரி, எனக்கு வேற பிரச்சினை. கிளாஸுலேயே கொறச்சலாப் பேசுற பிள்ளைக்கு எரநூத்தித் தொண்ணூறு. நல்லாப் பேசுற பிள்ளைங்களுக்கு எழுவது, எம்பது. பாக்கறவன் என்ன நெனைப்பான்? எங்கயோ இடிக்கிதேன்னு நெனைப்பானா மாட்டானா? நீங்களே சொல்லுங்க. அதனால மத்த பத்து பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தூக்கி, முன்னூறு, முன்னூத்தம்பதுன்னு போட்டேன். சமன் பண்ணுனேன், அவ்வளவுதான். ஒரு சைபரு, அத மறைக்கப் பத்து.

அடுத்த மீட்டிங்குல மொத்தக் கணக்குல எங்க ஸ்கூலு பச்சை. பியூலா டீச்சர் கிளாஸு செவப்பு, நம்ம கிளாஸு மட்டும் பச்சைன்னு தனியாப் போட்டுக் காட்டுதாவ. அதே ஆபீசரு, ‘பாருங்க, சீனியர் ஆசிரியர் மனசு வச்சா என்ன செய்யலாம்னு’ன்னு கைதட்டச் சொன்னாரு. கைதட்டுனாங்க. எம் பக்கத்துல உக்காந்திருந்த பியூலா டீச்சர் தட்டல.

ஏறிட்டமா, பொறவு எறங்க முடியல. மாசம் எரநூறாவது கூடலைன்னா தேக்கம்னு ஆபீசுக்குத் தானா தகவல் போயிரும். ஆகஸ்டுல அறுநூத்திச் சொச்சம். செப்டம்பருல ஆயிரம். எத்தனையோ நாள் நெனச்சேன், போயிச் சொல்லிருவோம், என்ன ஆனாலும் ஆகட்டும்னு. ஒவ்வொரு மாசமும் சொல்லறதுக்குப் பெருசாயிட்டே போகுது. எரநூத்திச் சொச்சத்துக்கு மன்னிப்புக் கேக்கலாம். ஆயிரத்துக்கு எப்படிக் கேக்க? அந்த ஏணியில நின்னு நம்பர் அடிக்கும்போது யாரும் வாராங்களான்னு ஒரு தடவ ரோட்டப் பாத்துக்கிடுவேன். கீழ எறங்குனா பிள்ளைங்க சுத்தி நிக்கும், சார் எதுக்கு மேல ஏறுதீயன்னு கேக்கும்.

குளத்தங்கரைக்கா? அதுக்கெல்லாம் பொறவு எங்க போக. நேரம் எங்க இருக்கு? அதான் கணக்குல வார்த்தை வந்துட்டுல்லா.

டிசம்பருல போன் வந்துச்சு. மாவட்டத்துலேருந்து ஒரு குழு வருது. யாரப் பாக்க? உலகம்மாளப் பாக்க. ஒரே மாசத்துல பத்தொம்பதுலேருந்து எரநூத்தித் தொண்ணூறுக்குப் போன பிள்ளை மாவட்டத்துலேயே அது ஒண்ணுதானாம். எப்படி வளந்துச்சுன்னு வீடியோ எடுக்கணுமாம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பன்னெண்டு நாள் டயம்.

நானும் சும்மா உக்காரல. தலையால தண்ணி குடிச்சேன்னுதான் சொல்லணும். பெட்டியிலேருந்து நாப்பது அட்டை எடுத்தேன். எடுக்குறது எடுக்குறோம், கொஞ்சம் பெரிய வார்த்தையா இருக்கட்டும்னு எடுத்தேன். கலங்கரை விளக்கம், அருங்காட்சியகம், நீர்மூழ்கிக் கப்பல், பனிப்பாறை, இந்த மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம். மத்தியானம் சாப்பாட்டு மணியில மத்த பிள்ளைங்க விளையாடப் போயிரும், உலகு எம் பக்கத்துல உக்காந்திருக்கும். ‘கலங்கரை விளக்கம் கப்பல்களுக்கு வழி காட்டும்.’ சொல்லு. ‘அருங்காட்சியகத்தில் பழம்பொருள்கள் உள்ளன.’ சொல்லு. தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு எனக்கு. நாலாவது நாளு ‘சார், கலங்கரை விளக்கம்னா நம்மூரு டேங்கு மாதிரியா?’ன்னு கேட்டுச்சு. அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்ட்டி, இப்பம் வரிசைய விட்டுறாதேன்னேன். அதுக்குப் பொறவு அது ஒண்ணும் கேக்கல.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளை கெட்டி. பன்னெண்டு நாளுல நாப்பதும் வந்துட்டு. ஒரே ஒரு சிக்கல், நடுவுல நிறுத்துனா பொறவு முதல்லேருந்துதான் வரணும். அதனால நிறுத்தாம இருக்க நான் ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். குழு வந்துச்சு, கேமரா வச்சாங்க. பிள்ளை கையக் கட்டிக்கிட்டு நின்னு, நாப்பதையும் மூச்சு விடாமச் சொல்லிச்சு. எல்லாரும் அசந்துட்டாங்க. அதுல ஒரு அம்மா, ‘இன்னும் கொஞ்சம் பேசலாமா பாப்பா?’ன்னு கிட்ட வந்தாவ. நான் சத்துணவு அக்காவுக்குக் கண்ணக் காட்டுனேன், அவ தட்ட அடிச்சிட்டா. பிள்ளைங்க எல்லாம் முட்டைக்கு ஓடிட்டு. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் குடுத்தாவ, கண்ணாடி போட்டு. வீட்டுல டிவிக்கு மேல மாட்டியிருக்கு.

பாவம், அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கி நான் தனியா ரெண்டு முட்டை வைக்கச் சொன்னேன். திங்கல, கொண்டு போயி அத்தைக்குக் குடுத்துட்டா.

தை பொறந்துச்சு. அத்தைக்காரிக்குக் கல்யாணம் முடிஞ்சி அவ ராஜபாளையம் போயிட்டா. அப்பன் ஆத்தாவும் பிள்ளைய விட்டுட்டுப் போக ஆளில்லாம சூளைக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. இந்தா, நீங்க பஸ் ஏறுன எடத்துக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னால, சூளை எல்லாம் வரிசையா இருக்குமே, அங்கதான். டிசி குடுத்தேன். மனசுக்குள்ள, இனி அந்த நம்பர் நம்ம கையில இல்லைன்னு ஒரு நிம்மதி. நூறு வார்த்தை கூட்டிப் போட்டுதான் அனுப்புனேன். நல்லபடியா இருக்கட்டும்னு.

அந்த நம்பரு பிள்ளை கூடவே போகும்னு எனக்குத் தெரியாது. போயிட்டு.

பிப்ரவரியில ஒரு போன். ‘சார், நான் வடிவு பேசறேன், சூளைப் பக்கத்து ஸ்கூலுல டீச்சர். உலகம்மாள்னு ஒரு பிள்ளை உங்ககிட்டேருந்து வந்திருக்கு. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுன்னு காட்டுது. இங்க தண்ணி வேணும்னு கேக்கக் கூட வாயத் திறக்க மாட்டேங்கா சார்.’ புது எடம், கூச்சமா இருக்கும் டீச்சர்னேன். இல்ல சார், நீங்க நம்பரச் சரி பண்ணிக் குடுங்க, ஒரு கடிதம் போதும்னா.

அவ எதுக்கு அப்படிக் கெடந்து அடிச்சிக்கிட்டான்னா, அங்க சூளைப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு வகுப்பு இருக்கு. மூணரைலேருந்து அஞ்சரை வரைக்கும். அதுக்குன்னு ஒரு டீச்சர், பன்னெண்டே பிள்ளைங்க. வெளிய கூட்டிட்டுப் போவாங்க, பேச விடுவாங்க, சுண்டல் குடுப்பாங்க. முன்னூறு வார்த்தைக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு மட்டும். பேரு ஆப்புலேருந்து தானா வரும். உலகு பேரு எப்படி வரும்? ரெண்டாயிரம் வார்த்தை தெரிஞ்ச பிள்ளைக்கு எதுக்கு அந்த வகுப்பு? சரி, சும்மாவாவது உக்கார வையுங்களேன் டீச்சர்னேன். தெனமும் போட்டோ எடுத்து அனுப்பணுமாம், தலை ஒண்ணு கூடுனா கேள்வி வருமாம். மூணரைக்கு வெளிய வந்தா பிள்ளைக்கு வேற போக்கில்ல, சூளைக்குப் போயி ஆத்தா கூடப் பச்சக்கல்லு திருப்பிப் போடணும். போகாம ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிதாம். அப்பன்காரன் வந்து இழுத்துக்கிட்டுப் போவானாம். வடிவு டீச்சர் சொல்லிட்டு போனுலேயே அழுதுட்டா. சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது.

அஞ்சு தடவை போன் பண்ணுனா. மூணு தடவை எடுத்தேன், பொறவு எடுக்கல. எடுத்து என்ன சொல்ல? கடைசியா ஒரு மெசேஜ் போட்டா. வெள்ளிக்கிழமை எங்க ஆபீசர் வாராவ, நான் நேருல சொல்லப் போறேன், மன்னிச்சிருங்க சார்னு. இன்னைக்கி என்ன கிழமை? வெள்ளிக்கிழமை. அதான் லீவு போட்டுட்டு வந்தேன்.

என்னத்துக்கு வந்தேன்னா கேக்கிய? பேசிப் பாக்கலாம்னுதான். ஒரு பொட்டலம் பிஸ்கட்டு வாங்கிக்கிட்டு, எங்க பெட்டியிலேருந்து கொஞ்சம் படம் போட்ட அட்டையும் எடுத்துக்கிட்டுப் போனேன். வெறுங்கையோட போகக் கூடாதுல்லா. போனா, ஆபீசரு வந்து உக்காந்தாச்சு. அவுக ஒரு அம்மா, கண்டிப்பான ஆளு. வடிவு டீச்சரு அப்பந்தான் சொல்லிக்கிட்டிருக்கா, இந்தப் பிள்ளைக்குப் போட்டிருக்க நம்பர் தப்பு மேடம், சேத்துக்க அனுமதி குடுங்கன்னு. உலகு பக்கத்துல நிக்கா. கொஞ்சம் மெலிஞ்சிருந்தா. கையெல்லாம் செம்மண்ணு காஞ்சி வெடிச்சிருக்கு. என்னப் பாத்ததும் முகம் அப்படியே மலந்துட்டு.

சத்தியமாச் சொல்லுதேன், அந்த நிமிசம் நான் உண்மையச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த அம்மா திரும்பி, ‘நீங்கதான் ஆவுடையப்பன் சாரா, வீடியோல பாத்தேனே, இந்த டீச்சர் சொல்றது உண்மையா?’ன்னு கேட்டாவ. அப்படிக் கேட்டா மனுசன் என்ன செய்வான்? ‘புது எடம் மேடம், பிள்ளை கூச்சப்படுது. நான் கேட்டாச் சொல்லுவா’ன்னுட்டேன்.

கேட்டேன். கலங்கரை விளக்கம்னு ஒரு வார்த்தைதான் எடுத்துக் குடுத்தேன். பிள்ளை கையக் கட்டுச்சு, நிமிந்து நின்னுச்சு, நாப்பதையும் சொல்லிச்சு. மூணு மாசம் ஆச்சு, ஒண்ணு பிசகல. டிசம்பருல சொன்னத விட நல்லாச் சொல்லிச்சு. சத்தமா, எல்லாரு முகத்தையும் பாத்து, ஆசை ஆசையாச் சொல்லிச்சு. எனக்கே ஆச்சரியம். இப்படிச் சொல்லுறதுக்கு எங்கேருந்து தெம்பு வந்துச்சுன்னு நெனச்சேன்.

அந்த அம்மாவுக்கு முகம் மாறிட்டு. ‘என்ன டீச்சர், பேசத் தெரிஞ்ச குழந்தைய வச்சிக்கிட்டுப் பேச மாட்டேங்குதுன்னு சொல்றீங்க. உங்ககிட்டப் பேசலைன்னா அது யாரு குறை?’ன்னு வடிவு டீச்சரப் பிடிச்சி வாங்கிட்டாவ. நோட்டுல வேற என்னமோ எழுதுனாவ. வடிவு டீச்சர் அவுகளப் பாக்கல. என்ன மட்டும் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாலும் பரவாயில்ல. இவ்வளவு பெரிய மனுசன் இப்படிச் செய்வானான்னு ஒரு பார்வை. எனக்கு அந்த டீச்சர நெனச்சாப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா நானா அவள வையச் சொன்னேன்?

ஆபீசரு காருல ஏறிப் போயாச்சு. எனக்குத் தலைக்கு வந்தது போன மாதிரி இருந்துச்சு. இனி அந்த நம்பர யாரும் கேக்க மாட்டான். பைய எடுத்துக்கிட்டுக் கேட்டு வரைக்கும் வந்துட்டேன், பின்னாலேயே ஓடி வாரா உலகு. மூச்சு வாங்குது.

‘சார், நாப்பதையும் சொல்லிட்டேன்லா சார்?’ன்னா.

சொல்லிட்ட, நல்லாச் சொல்லிட்டட்டின்னேன்.

‘அப்பம் என்ன அந்த வகுப்புல சேத்துக்கிடுவாங்களா சார்? இன்னைக்கி ஆபீசர் டீச்சர் வந்து கேப்பாவ, பொறவு சேத்துக்கிடலாம்னு வடிவு டீச்சர் சொன்னாவ. அதான் தெனமும் கல்லு திருப்பும்போது சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேன் சார், மறந்துறக் கூடாதுன்னு. அம்மாவுக்குக் கூட சொல்லிக் குடுத்தேன்.’

அவ்வளவு பேச்சு அந்தப் பிள்ளை எங்கிட்டப் பேசுனதே இல்ல. எங்கிட்டப் படிச்ச அத்தனை மாசத்துல பேசல. நீ சொன்னதாலதான் சேக்க மாட்டாங்கன்னு அதுகிட்ட எப்படிச் சொல்ல? எந்த வாத்தியாரு சொல்லுவான்? தெரியாமக் கேக்கேன், நீங்களா இருந்தாச் சொல்லுவியளா?

சேத்துக்கிடுவாங்கம்மான்னேன்.

சரி சார்னு சொல்லிட்டு ஓடிட்டா. நான் ரோட்டத் தாண்டி பஸ்ஸுக்கு நின்னேன். ஸ்டாப்பு ஸ்கூலுக்கு நேர் எதுத்தாப்புலதான் இருக்கு, எங்க திரும்பினாலும் அதுதான் தெரியுது. மூணரை ஆயிட்டு. அந்தத் தனி வகுப்பு டீச்சர் வாசல்ல நின்னு பேரு வாசிக்கா. பிள்ளைங்க வரிசையா நிக்கிது. இவ ஓடிப் போயி கடைசியில நிக்கா. தலையத் தண்ணி தொட்டு ஒதுக்கியிருக்கா, அதுக்குள்ள. ஒவ்வொரு பேரா வாசிக்க வாசிக்க ஒவ்வொரு பிள்ளையா உள்ள போகுது. ஒவ்வொரு பேருக்கும் இவ ஒரு எட்டு எடுத்து வைக்கா, தன் பேரு இல்லைன்னதும் திரும்பப் பின்னால போயிருதா. நான் எண்ணிக்கிட்டே நின்னேன். பதினொண்ணு வாசிச்சாச்சு.

எழுதிக் குடுக்கலாமேன்னுதான நெனைக்கிய? தெரியுது, உங்க முகத்தப் பாத்தாத் தெரியுது. குடுக்கலாம். ரெண்டே வரிதான். எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அத முடிச்சிட்டுக் குடுக்கலாம்னு பாக்கேன். அதுக்குள்ள அந்தப் பிள்ளை ஆறாங்கிளாஸு போயிரும், அதுவும் சரிதான்.

பன்னெண்டாவது பேரு வாசிக்கறதுக்குள்ள பஸ் வந்துட்டு. நான் ஏறிட்டேன். நல்லவேளை, ஸ்கூலு தெரியாத இந்தப் பக்கந்தான் சீட்டு இருந்துச்சு.